“தொட்டால் கெட்டுவிடும்” என்னும் பாடம்



எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் நாள்தோறும் கற்பித்து வருகிறோம். “தொடாதே, கெட்டுப்போய்விடும்” என்பதே அப்பாடம். வீட்டுக்குக் கணினி வந்தபோது சொன்னோம். கைப்பேசி வந்தபோதும் சொன்னோம். இப்பொழுது அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய டிவி பாக்ஸைப் பிள்ளை எடுத்துத் திறந்தாலும் அதையே சொல்கிறோம். அந்தப் பாடத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். சிலருக்குச் சினம் வரலாம். வரட்டும்.

லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் நான் கால்வைத்த வீடுகள் பலவற்றில் இந்தப் பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். நூறு, நூற்றைம்பது வெள்ளிக்கு வாங்கியவை. தமிழ்த் தொடர்களும் படங்களும் பார்ப்பதற்காக வாங்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் மெதுவாகி, ஓரங்கட்டப்பட்டவை. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளே இருப்பது முழுமையான ஒரு கணினி. நான்கு கருக்கள் கொண்ட செயலி, ஒன்று அல்லது இரண்டு ஜிபி நினைவகம், எட்டு ஜிபி சேமிப்பகம், வலையமைப்புக் கம்பிக்கான துளை, இரண்டு யூ.எஸ்.பி. வாய்கள், தொலைக்காட்சியில் செருக எச்.டி.எம்.ஐ. அனைத்தும் உள்ளங்கை அளவிலான ஒரே பலகையில் இருக்கின்றன. உண்ணும் மின்சாரமோ பத்து வாட்டுக்குள். (பெட்டியின் மேல் “4 ஜிபி, 64 ஜிபி” என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத பெட்டிகள் உண்டு.)

இவற்றில் ஆண்டிராய்டை ஒதுக்கிவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. என் கற்பனையும் அன்று. அம்லாஜிக் நிறுவனத்தின் எஸ்905 வகைச் சில்லுகள் 2015ஆம் ஆண்டு தொடங்கி மலிவுப் பெட்டிகளில் பரவலாயின. அவற்றுக்கென ஆர்வலர்கள் ஆர்ம்பியன் என்னும் லினக்ஸ் வழங்கலைப் பொருத்தி, இலவசமாகப் பகிர்ந்து வருகிறார்கள். பிரேசில் நாட்டில் நடப்பதைக் கேளுங்கள். அந்நாட்டின் வரி, சுங்கத் துறையான ரெசெய்த்தா ஃபெடரல் திருட்டு ஒளிபரப்புப் பெட்டிகளைப் பறிமுதல் செய்கிறது. அவற்றை வெறுமனே நசுக்கிக் குப்பையில் கொட்டுவதோடு நின்றுவிடவில்லை. ஒரு பகுதியைப் பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் கொடுக்கிறது. சாவோ பாவுலோ மாநிலத்துச் சால்த்தோ நகரிலுள்ள கூட்டாட்சிக் கழகம் அவற்றுள் ஒன்று. அங்கே மாணவர்கள் பழைய மென்பொருளை அழித்து, லினக்ஸை நிறுவி, அவற்றைச் சிறு கணினிகளாக மாற்றுகிறார்கள். அவை அரசுப் பள்ளிகளுக்குச் செல்கின்றன. குற்றப்பொருள் கல்விப்பொருளாகிறது!

நம் பகுதியிலும் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற கருத்தை ஒரு கூட்டத்தில் முன்வைத்தேன். எதிர்ப்பு மூன்று வடிவங்களில் வந்தது. கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். அது சட்டத்துக்குப் புறம்பான பெட்டி ஆயிற்றே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஓர் அம்மையார். அவர் கேட்டதுதான் என் நெஞ்சில் தைத்தது. “எல்லாருடைய பிள்ளைகளுக்கும் புதுக் கணினி, நம் பிள்ளைகளுக்கு மட்டும் குப்பையா சார்?” என்றார் அவர். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் “கெட்டுவிடும்” என்னும் பூச்சாண்டியைப் பார்ப்போம்.

கெடுவது என்றால் என்ன? இதைப் பிரித்தறியாமல் அஞ்சுவதால்தான் அச்சம் பெரிதாகத் தெரிகிறது. பெட்டியில் லினக்ஸை முதன்முதலில் இயக்குவதற்கு உள்சேமிப்பகத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு நினைவட்டையில் ஆர்ம்பியனை எழுதி, அதிலுள்ள ஓர் உரைக்கோப்பில் நம் பெட்டிக்குரிய வன்பொருள் விவரக் கோப்பின் பெயரைக் குறித்து, அட்டையைச் செருக வேண்டும். பிறகு ஒலி-ஒளித் துளைக்குள் ஒளிந்திருக்கும் சிறு பொத்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியபடியே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும். பெட்டி அட்டையிலிருந்து எழும். எழாவிட்டால்? அட்டையைப் பிடுங்கிவிடுங்கள். பழைய ஆண்டிராய்டு பழையபடியே வந்து நிற்கும். அங்கே என்ன கெட்டது? எழுந்தும் வலையமைப்பு வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் விவரக் கோப்பின் பெயர் தவறு. ஒரு வரியை மாற்றினால் போதும். சிறுபிள்ளையின் கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்துவதைப் போன்ற வேலைதான்.

உண்மையான இடர் உள்சேமிப்பகத்தில் எழுதும்போதுதான் வருகிறது. பெட்டியைத் தொடக்கி வைக்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் தவறானதை எழுதிவிட்டால் திரை கருத்துவிடும், விளக்கு எரியாது, எந்தப் பொத்தானுக்கும் அசையாது. செங்கல் ஆகிவிட்டது என்பார்கள் இத்துறையினர். கைப்பேசிக் கடைக்காரர்கள் “செத்துவிட்டது, புதியது வாங்குங்கள்” என்பார்கள். அவர்களுக்கு அதில் ஊதியம் இருக்கிறது.

செத்ததா? தேயிலை மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டிய மலையை முதன்முறை பார்க்கும் வெளியூர்க்காரர் செடியெல்லாம் பட்டுப்போயிற்று என்றுதான் நினைப்பார். இலையும் இல்லை, கொழுந்தும் இல்லை, வெறும் குச்சிகள். தோட்டத்துப் பிள்ளை சிரிக்கும். வேர் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். இந்தப் பெட்டியிலும் அப்படியொரு வேர் இருக்கிறது. செயலிச் சில்லை உருவாக்கும்போதே அதனுள் ஒரு சிறு நிரலைப் பதித்துவிடுகிறார்கள். அதை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது. மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது அதுவே. உள்சேமிப்பகத்தில் தொடக்கநிரல் இருக்கிறதா, நினைவட்டையில் இருக்கிறதா என்று அது தேடும். எங்கும் கிடைக்காவிட்டால் யூ.எஸ்.பி. வழியாக வெளியிலிருந்து யாரேனும் பேசுகிறார்களா என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்புத்தான் மீட்சிக்கான வாசல்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்து இப்பொழுது நான்காம் படிவத்தில் இருக்கும் மாணவன் ஒருவன், எஸ்905எக்ஸ் சில்லு கொண்ட தன் வீட்டுப் பெட்டியில் வேறொரு பெட்டிக்கான மென்பொருளை எழுதிவிட்டான். பெட்டி கருங்கல்லாயிற்று. கடையில் கைவிரித்துவிட்டார்கள். தந்தையிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை. பெட்டியை என்னிடம் கொண்டு வந்தான்.

குச்சிப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். பயனில்லை. ஏன் பயனில்லை என்று அவனையே கேட்டேன். சற்று நேரம் கழித்து அவனே சொன்னான்: “பொத்தானைப் பார்க்கிறதே அந்தத் தொடக்கநிரல்தான் சார். அதுதானே கெட்டுக் கிடக்கிறது.” அந்த ஒரு மறுமொழிக்காக ஒரு பருவத்துக்குரிய பயிற்சித் தாள்களைத் தூக்கிப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது! தவறான நிரலானாலும் அது முறையான வடிவில் இருப்பதால், சில்லுக்குள் இருக்கும் வேர்நிரல் அதைச் சரியென்று நம்பி ஏற்றுகிறது. ஏற்றியபின் நினைவகம் ஒத்துவராமல் தடுமாறி நின்றுவிடுகிறது. ஆகவே உள்சேமிப்பகமே இல்லை என்று வேர்நிரலை ஒரு நொடி நம்பவைக்க வேண்டும்.

மூடியைக் கழற்றினோம். பலகையில் அச்சிட்டிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். அந்த எண் மிக முக்கியம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரன்று. ஒரே பெயரில் நான்கு விதப் பலகைகள் விற்கப்படுகின்றன. சேமிப்பகச் சில்லின் அருகிலிருந்த சோதனைப்புள்ளியை ஓர் ஊசியால் தரைமுனையோடு தொடுத்தபடி, இருமுனையிலும் ஒரேவகைத் தலையுள்ள யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்தோம். கணினி ஒலியெழுப்பியது. விண்டோஸ் திரையில் “வேர்ல்ட்கப் டிவைஸ்” என்று ஒரு பெயர் தோன்றியது. காற்பந்து ஆட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்போ! அம்லாஜிக் சில்லின் வேர்நிரல் இணைந்ததும் விண்டோஸ் அதற்குக் காட்டும் பெயர் அது. அதைப் பார்த்துவிட்டால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு அதே பலகை எண்ணுக்குரிய மூல மென்பொருளை அந்நிறுவனத்தின் எழுதுகருவியால் ஏற்றினோம். முதன்முறை பாதியில் நின்றது. கம்பியை மாற்றினோம். மறுமுறை நூறு விழுக்காடு. மாலைத் தேநீருக்குள் வேலை முடிந்தது.

எல்லாச் சில்லுகளும் இவ்வளவு படுத்துவதில்லை. ஆல்வின்னர் வகைச் சில்லுகள் உள்சேமிப்பகத்துக்கு முன்னரே நினைவட்டையைப் பார்த்துவிடும். ஆகவே உள்ளே என்ன கெட்டிருந்தாலும் நல்ல அட்டை ஒன்று போதும். ராக்சிப் வகைக்கு மல்ட்டிடூல் என்னும் கருவி உண்டு. அதை அட்டையில் எழுதி, பழைய மென்பொருளை முழுமையாகப் படியெடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. படியெடுக்காமல் எழுதாதே என்பதுதான் நாம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய சொல். “தொடாதே” என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு!

மீட்க முடியாதவையும் உண்டு. சேமிப்பகச் சில்லே தேய்ந்து செத்திருந்தால் உள்ளே எதுவும் எழுத இயலாது. கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் பல கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டவை. தவிரவும் அவை பெரும்பாலும் நமக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றைத் தொட வேண்டா. சுவரில் செருகும் மின்மாற்றியை எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டா. பெட்டிக்குள் ஓடுவது ஐந்து வோல்ட். மின்மாற்றிக்குள் ஓடுவது 240 வோல்ட். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் கல்விதான்.

இனி இரண்டாவது எதிர்ப்பு, சட்டம். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளையும் சேவைகளையும் விற்பவர், வழங்குபவர் மீது பத்தாயிரம் வெள்ளி முதல் இரண்டு இலட்சம் வெள்ளி வரை தண்டம், இருபது ஆண்டு வரை சிறை என்று அச்சட்டம் சொல்கிறது. நல்லது. அச்சட்டத்தின்படி பெட்டி குற்றப்பொருளாவது அதிலுள்ள திருட்டுச் செயலிகளால்தான். நான் சொல்வது அச்செயலிகளை அடியோடு துடைத்தெறியும் வேலை. சட்டத்தைச் சொல்லி என்னை மறித்த அன்பர், தம் வீட்டுப் பெட்டியில் இன்று மாலை என்ன பார்க்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்னும் பாதுகாப்பு வல்லுநர், தாம் வாங்கிய டி95 என்னும் பெட்டியில், விற்பனைக்கு வரும்போதே தீநிரல் குடியிருந்ததை வெளிப்படுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்னும் நிறுவனம் இத்தகைய பெட்டிகளின் வலைப்பின்னலுக்குப் பேட்பாக்ஸ் என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. 2025 மார்ச்சில் வந்த அடுத்த அறிக்கை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொன்னது. ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே பொதுமக்களை எச்சரித்தது. நாம் தொடர் பார்த்துக் கொண்டிருக்கையில், நம் வீட்டு இணைய இணைப்பை ஊர்பேர் தெரியாத யாரோ தம் தீச்செயல்களுக்குப் பயன்படுத்துவர். எந்தப் பெட்டி கெட்டுவிடும் என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறீர்களோ, அது உங்கள் வீட்டுக்குள் வரும்போதே கெட்டு வந்திருக்கக்கூடும். அந்தத் தீநிரல் வாழ்வது ஆண்டிராய்டுக்குள். சேமிப்பகத்தைத் துடைத்து லினக்ஸை நிறுவினால் அதன் குடியிருப்பே போய்விடுகிறது. தொடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று இன்னும் சொல்வீர்களா?

ஆயினும் இப்பெட்டிகளைப் பள்ளியின் வலையமைப்பில் இணைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துடைக்கப்படாத பெட்டி எதுவும் எந்த வலையிலும் சேரக்கூடாது என்பதே என் கட்சி.

இப்பொழுது அந்த அம்மையாரின் கேள்வி. நம் பிள்ளைகளுக்கு மட்டும் குப்பையா?

கேள்வியில் நூற்றாண்டின் வலி இருக்கிறது. 1929இல் ரசல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இங்கே வியர்வை சிந்திய தமிழருக்கு, பிறர் கழித்ததே பங்காக வந்தது. பெருந்தொற்றின்போது 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி நாடு முழுவதும் ஒன்றரை இலட்சம் மாணவர்களுக்குக் கருவிகள் என்று அறிவித்தார்கள். எத்தனை தோட்டத்து வீடுகள் அதைக் கண்டன என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆகவே புதுக் கணினி கேட்போம். உரக்கக் கேட்போம். மனு எழுதுவதற்கு நானே முன்னிற்பேன்.

ஆனால் அம்மா, புதுக் கணினி வந்தபின் அதைத் தொட விடுவோமா? உறை போட்டு, பூட்டி, வருகையாளர் வரும் நாளில் திறந்து காட்டும் கணினியறைகளை நான் பார்த்திருக்கிறேன். கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017இல் கைட் என்னும் நிறுவனமான திட்டம், அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் கட்டற்ற மென்பொருளுக்கே கொண்டுவந்தது. குப்பை என்று யாரும் அழவில்லை. ஆசிரியர்களே நிறுவவும் பழுது நீக்கவும் பயிற்சி பெற்றார்கள். நம்மவரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியபோது, கணினிக்குள் தமிழை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. தொட்டுப் பார்த்ததால் வந்தது அது.

அப்பெட்டியை மேசைக்கணினிக்கு ஈடாக நிறுத்துவதும் பிழையான கணக்கு என்பேன். ஒரு ஜிபி நினைவகத்தில் உலாவியைத் திறந்து காணொளி பார்க்க முயன்றால் திணறும், பிள்ளை சலித்துப்போகும். வேறு வேலை கொடுங்கள். கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளையும் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் நினைவட்டையில் ஏற்றி, பெட்டியை ஒரு வழங்கியாக மாற்றி, வீட்டு வைஃபை திசைவியோடு கம்பியால் இணைத்துவிடுங்கள். 2003இல் தொடங்கி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளாக வளர்ந்திருக்கும் அக்கலைக்களஞ்சியம், இணையமே இல்லாமல், லயத்திலுள்ள கைப்பேசிகளில் திறக்கும். 1998 முதல் மதுரைத் திட்டம் மின்னுரையாக்கி வரும் நூல்களையும் அதிலேயே வைக்கலாம். மழை பெய்தால் அலைவரிசை அறுந்துபோகும் இப்பள்ளத்தாக்கில் அதன் அருமை பெற்றோருக்குத் தெரியும். அதற்குத் திரையும் வேண்டா. ஒரு ஜிபியே போதும். இதைக் குப்பை என்பீரோ?

ஆசிரியர்களிடமும் ஒரு சொல். தமிழாசிரியனுக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். தமிழ்99 விசைப்பலகையை அப்பெட்டியில் அமைத்துவிட்டு, தொடக்கநிரல், சேமிப்பகம், மீட்பு என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் தமிழில் பெயர் தேடி வாதிட்டதை அவர் வந்து பார்த்திருக்க வேண்டும். கருத்துணர்தல் கேள்விக்கு ஒரு வரி எழுதத் தயங்கும் பையன், மீட்ட முறையை மூன்று பக்கம் எழுதிக் கொண்டு வந்தான். ஒற்றுப்பிழைகள் இருந்தன; திருத்தித் தந்தேன்.

பள்ளி விடுமுறைக்குப் பிந்திய முதல் சனிக்கிழமை மீண்டும் அமர்கிறோம். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் மின்மாற்றியையும் எட்டு ஜிபிக்குக் குறையாத நினைவட்டை ஒன்றையும் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். விக்கிப்பீடியா வேண்டுவோர் அதைவிடப் பெரிய அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்து பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டா. அதைப் பிள்ளையே செய்யட்டும்.